அப்பாவின் வருட விருந்து முடியும்வரை

மார்ச் 4, செவ்வாய்

குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பின்லாந்துக்கு வெளியே இருந்துவிட்டேனாம். என் நிரந்தர வசிப்புரிமையை ரத்து செய்ய யோசிக்கிறார்களாம். அதற்குமுன் என் தரப்பைச் சொல்லலாம், பதினெட்டாம் தேதி, நேரில். மரியாதையான கடிதம். இந்த நாட்டில் எதையும் மரியாதையாகத்தான் பறிப்பார்கள்.

ஜார்ஜியாவில், எங்கள் ஊர் குத்தாய்சியில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார் என்று ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பினேன். ஒரு மாதம் என்றுதான் நினைத்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் படுக்கையில் இருந்தார், போனார். அதன்பிறகும் நான் வரவில்லை. அதைத்தான் கேட்பார்கள்.

குடியுரிமை வாங்கியிருக்கலாம். அவர் இருக்கும்வரை ஜார்ஜியப் பாஸ்போர்ட்டை விட மனம் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கீழ்த்தளத்து நீராவிக் குளியலறையில், சானாவில், பக்கத்து வீட்டு ரைலியோடு. எங்கள் கட்டடத்தில் வெள்ளி மாலை முறை கிடைக்க வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

"உன் முறைய மூணு பேர் வந்து கேட்டாங்க. அவ வருவா, போங்கன்னு விரட்டிட்டேன்" என்றார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். விரட்டுவது கைவந்த கலை.

கல்லில் தண்ணீர் சீறியது. பிறகு பேச்சே இல்லை. பதினாறு வருட வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அத்தையின் ஒரு போன் பேச்சுக்கு வராது. குத்தாய்சியில், அறை நிறைய உறவினர்கள் ஒரே நேரத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த மௌனத்துக்குத்தான் ஏங்கினேன். இங்கே வந்து உட்கார்ந்தால் அப்பாவின் பால்கனி. திராட்சைக் கொடி நிழலில் அவர் ரேடியோவைத் திட்டும் குரல். எங்கே இருந்தாலும் மற்றது வேண்டும் — இது என்ன புத்தி?

மார்ச் 9, ஞாயிறு

ஏத்தேரி அத்தை போன் செய்தார்.

"நம்ம ஸாஸா டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உனக்கு முதுகுத்தண்டுல கோளாறு, எழுந்திரிக்கவே முடியலன்னு சர்டிபிகேட் தர்றானாம்."

"அவன் பல் டாக்டர், அத்தை."

"அதனால என்ன? பல்லும் எலும்புதானே?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. குரல் இறங்கியது. "என்னாலதான உனக்கு இந்தக் கதி."

இல்லை என்று சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. போன அக்டோபரில், இரண்டு ஆண்டுக் கெடு முடியும் முன்பே, இங்கே தாம்பெரெக்கு டிக்கெட் வாங்கினேன். ஒரு வாரம் வந்து தலைகாட்டியிருந்தால் போதும். அத்தை சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று, "வருஷ விருந்து முடியல. அதுக்குள்ள மக வீட்டப் பூட்டிட்டுப் போனா அண்ணன் எங்க வந்து உட்காருவான்?" என்றார். இறந்தவர் எங்கும் வந்து உட்காருவதில்லை என்று இருபது வயதிலிருந்து அவரோடு சண்டை போட்டவள் நான்.

போகவில்லை. டிசம்பரில், அப்பா போய் ஒரு வருடம் நிறைந்த அன்று, விருந்து நடந்தது. கோதுமையும் தேனும் கலந்து படையலை நானே கிண்டினேன்.

மார்ச் 10, திங்கள்

சர்டிபிகேட் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில், நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், பாவி.

மார்ச் 13, வியாழன்

ரைலியிடம் காட்டினேன். படித்தார்.

"நடந்தது என்னன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? எனக்கே நம்பிக்கை இல்லாத சடங்குக்காக இருந்தேன்னா? அறிவு இருக்கான்னு கேக்க மாட்டாங்களா?"

"நானுந்தான் சர்ச்சை விட்டு விலகி நாப்பது வருஷமாச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்க போறேன்? பனியில முழங்கால் புதைய நடந்து எம் புருஷன் மார்ட்டி கல்லறையில மெழுகுவத்தி ஏத்துறேன். அந்த மனுஷன் இருந்தப்ப ஒரு பல்பு மாத்திக் குடுத்ததில்ல." காப்பியை ஊற்றினார். "அன்னிக்கு ஊரே அங்கதான் இருக்கும். உன்னக் கேள்வி கேக்கப்போற ஆளும்."

மார்ச் 18, செவ்வாய்

குடிவரவு அலுவலகத்தில் என்னை விசாரித்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். ஸாஸாவின் தாள் பையிலேயே இருந்தது.

"அக்டோபர்ல டிக்கெட் வாங்கினேன்னு சொல்றீங்க. ஒரு நாள் வந்திருந்தாலே போதுமே. ஏன் வரல?"

வருட விருந்தைப் பற்றிச் சொன்னேன். என் ஃபின்னிஷ் தடுமாறியது. துக்கத்துக்கு நான்கு சொற்கள் தேடி ஒன்றுகூடச் சரியில்லை.

"இதெல்லாம் நீங்க நம்புறீங்களா?"

"இல்ல."

"நம்பாத ஒண்ணுக்காகவா இருந்தீங்க?"

"எங்க அப்பா நம்பினார்."

அவள் தட்டச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். வேலை இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று மற்றதெல்லாம் கேட்டாள். நீர்ச் சோதனைக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், வசிப்புரிமை இருந்தால் மட்டும்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் அழுதேன். ஏன்டி அழுகிறாய்? பொய் சொல்லாததற்கா? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல ஊர்.

ஏப்ரல் 21, திங்கள்

ஏரியில் பனிக்கட்டி உடைகிறது. பதில் இல்லை.

மே 24, சனி

வேலையில் இரண்டாவது வாரம். இன்று ஆகஸ்டில் குத்தாய்சி போய்வர டிக்கெட் வாங்கி, அத்தைக்குப் போன் செய்தேன்.

"அப்பா வீட்டுல குடித்தனம் வந்துட்டாங்க, தெரியும்ல? நல்ல பசங்க. கொடிக்குத் தண்ணி ஊத்துறாங்க. நீ எங்க வீட்டுல தங்கிக்க. முன்னறைய ஒழிச்சு வெச்சிருக்கேன்."

"சரி அத்தை."

"கண்ணாடி அலமாரித் தட்டையெல்லாம் இறக்கிக் கழுவி வெக்கணும். ஒரே தூசி."

அந்தத் தட்டுகள் விருந்தாளிகளுக்கு மட்டும். சின்ன வயதில் ஒன்றைத் தொட்டதற்கு அவரிடம் அடி வாங்கியிருக்கிறேன். எனக்கு எதற்கு அத்தை அது, சமையலறைத் தட்டு போதும் என்றேன்.

"அட, அவ்வளவு தூரத்துல இருந்து வர்ற" என்றார்.