முட்டிச் சத்தமும் நீ விழுங்கிய ஒரு சொல்லும்

என் கோபத்துக்கும் அன்புக்கும் உரிய அப்பா,

பள்ளியில் தமிழம்மா கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது பெரியவர்களைத் ‘தாங்கள்’ என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் உன் முகம் வரவில்லை. தோளில் அங்கவஸ்திரம் போட்ட வேறு யாரோ வந்து நிற்கிறார். அதனால் வீட்டில் கூப்பிட்ட மாதிரியே ‘நீ’ என்று எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் ஒன்பதாவது போய்விட்டேன். அம்மா தூங்குகிறாள். சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் பயம் வந்தால் உன்னிடம்தான் சொல்வேன். இந்தப் பயமே உன்னால் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் முட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் முதல்முதலாக அந்தச் சத்தம் கேட்டது. நீ தறிக்குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்து மிதிக்கட்டையை அழுத்தும்போதெல்லாம் கீழேயிருந்து கடக், கடக் என்று வந்தது. சேலையில் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

“இன்னா சத்தம் அது?”

“மிதிக்கட்டை கத்துது. மழையில ஊறிக்கினு இருக்குதில்ல?”

அம்மா அன்றைக்கே விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு குழிக்குள் இறங்கிக் கட்டை ஆடுகிற இடத்திலெல்லாம் எண்ணெய் விட்டாள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் விட்டாள். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பாடம் படித்த எனக்கு, கத்தியது கட்டை இல்லை என்று தெரியும். உன் முட்டி மடங்கி நிமிரும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. நான் குனிந்து முட்டியில் கை வைத்தேன். உள்ளே மணலைக் கசக்குகிற மாதிரி நறநறவென்று இருந்தது. நீ உதட்டில் விரலை வைத்தாய்.

“அம்மாகிட்ட சொல்லாதம்மா. பெரியாஸ்பத்திரியில காட்டிட்டேன். முட்டி சத்தம் போட்டா பயமில்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க.”

நான் நம்பினேன். நீ சொன்னால் நம்பாமல் வேறு யார் சொன்னால் நம்புவேன்?

குழியிலிருந்து எழும்போது சத்தம் இன்னும் பலமாக வரும். அப்போது கட்டைமேல் பழி போட முடியாது. அதனால் எழும்போதெல்லாம் ஒரு இருமல் இருமக் கற்றுக்கொண்டாய். கடக் என்பதும் கெக்கெக் என்பதும் ஒரே நேரத்தில் வரும். அம்மா பயந்துபோய்ச் சித்தரத்தைக் கஷாயம் வைத்தாள். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாய். எதிர்வீட்டு சரோஜா அக்காகூட ஒருநாள் வாசலிலிருந்தே கேட்டாள்:

“இன்னாண்ணா, உக்கார்றப்ப ஒரு இருமல், எழுந்துக்கிறப்ப ஒரு இருமல். பீடி எங்கனா ஒளிச்சு வெச்சுக்கினு இருக்கிறியா?”

“உன் வீட்டுக்காரன் குடுத்த பீடிதாம்மா. அவன்கிட்டயே கேளு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான் என்று அவ்வளவு பெருமை எனக்கு.

இருமலுக்குக் கஷாயம் கிடைத்தது. கட்டைக்கு எண்ணெய் கிடைத்தது. முட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாசி மாதத்து அந்தக் காலையைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. நீ கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து வேட்டி அலசிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்தாய். கடக் என்று கேட்டது. அன்றைக்கு நீ இருமவில்லை. வலது முட்டி மடங்கி உள்ளே போனதைப் பார்த்தேன். அடுத்து உன் தலை துவைக்கிற கல்லில் மோதியதைப் பார்த்தேன்.

பாசி வழுக்கிவிட்டது என்று ஊரே சொன்னது. பெரியப்பா ஆள் வைத்துக் கிணற்றடி முழுவதும் பாசியைச் சுரண்டினார். அது எவ்வளவோ நாளாக அங்கேதான் இருந்தது, யாரையும் வழுக்கிவிடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது வாக்கு இல்லை, பயம்.

தறியில் பாதிச் சேலை நின்றுபோயிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா வந்து, “தறியில ஏத்தின பாவு நூலு வீணாப் போவுது, நீயே உக்காரும்மா. உனக்குத் தெரியாத வேலையா?” என்றார். அம்மா உட்கார்ந்தாள். மிதித்தாள். நாலு மிதி மிதித்துவிட்டு நிறுத்தினாள்.

“ஏன்டி, கட்டை கத்தலியே.”

நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

“எண்ணெய் விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. கத்தணுமே.”

குனிந்து ஒவ்வொரு கட்டையையும் கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். “அப்போ இத்தினி நாளா கத்தினது இன்னா?” என்று என்னைக் கேட்டாள். “தெரியலமா” என்றேன். நீ போன பிறகு உனக்காக நான் சொன்ன முதல் பொய் அதுதான். என் முகத்தைப் பார்த்து அம்மா அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஆவணியில் ஒருநாள் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா குழியிலிருந்து எழுந்தாள். எழும்போது இருமினாள்.

அம்மாவுக்குச் சளி கிடையாது. மழையில் நனைந்தால்கூட ஒரு தும்மல் போடமாட்டாள். மறுநாளும் எழும்போது இருமினாள். மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றேன். இருமலுக்கு அடியில் அந்தச் சத்தம் இருந்தது. முட்டி லேசாக வீங்கியும் இருந்தது. அம்மாவுக்கு நாற்பது வயதுதான் ஆகிறது, அப்பா. நீ இருமியது எதற்காக என்று அவள் கண்டுபிடித்துவிட்டு, திட்டுவதற்குப் பதிலாக அதையே கற்றுக்கொண்டுவிட்டாள்.

அன்றைக்கு உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளைச் சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு நாலாக மடித்திருந்தது. சனிக்கிழமை காலையில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பிள்ளையார்பாளையத்திலிருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“முட்டி தாளம் போடுதுன்னு சொன்னாரே, அந்த நெசவுக்காரரா? நீ யாரும்மா?”

“மகளுங்க.”

“குழியில படி வெச்சாரா?”

“இன்னா படிங்க?”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “சத்தம் மட்டும் இருந்தா பயமில்லை, விரல்ல சொடக்கு எடுக்கிற மாதிரிதான்னு சொன்னேன். ஆனா அவருக்கு வலியும் வீக்கமும் சேர்ந்து இருந்தது. நிக்கிறப்பவே ரெண்டு தடவை முட்டி மடங்கி விட்டிருக்கு. ஒரு மாசத்துல திரும்ப வரச் சொன்னேன். வரவே இல்லை. இப்ப எப்படி இருக்காரு?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த ‘மட்டும்’ எங்கே போனது அப்பா? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் எந்தத் தெருவில் அதை விழுங்கினாய்? சத்தம் மட்டும் இருந்தால் பயமில்லை. சத்தம் இருந்தால் பயமில்லை. இலக்கண வகுப்பில் இந்த இரண்டையும் எழுதி வேறுபாடு கேட்டிருந்தால் நான் சரியாகச் சொல்லியிருப்பேன். நீ எனக்கு ஒன்றைத்தான் கொடுத்தாய். முன்பே இரண்டு தடவை மடங்கியது தெரிந்தும், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து, பாதி வாக்கியத்தைக் கொடுத்தாய். வேறு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றியிருக்கலாம். நான் உன் பக்கத்து ஆள் இல்லையா?

டாக்டரம்மா என்னையே பெஞ்சில் உட்காரவைத்துக் காட்டினார். காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, அதை முட்டியால் கீழே அழுத்திப் பத்து எண்ண வேண்டும். பிறகு விட வேண்டும். காலைக்குப் பத்து, மாலைக்குப் பத்து. தொடை பலமாக இருந்தால்தான் முட்டி நிற்குமாம், எண்ணெயெல்லாம் மேலே தடவுகிற சுகத்துக்குத்தானாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தெருமுனை வரைக்கும் நடக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து துவைக்கக் கூடாது. விறைப்பாக இருந்தால் வெந்நீர் ஒத்தடம். வீங்கினாலோ மடங்கினாலோ நாள் கடத்தாமல் வர வேண்டும். குழிக்குள் ஒரு கல் படி வேண்டும், ஒற்றைக் காலில் திருகி எழாமல் ஏறி வருவதற்கு. “இதெல்லாம் உங்க அப்பாவுக்கும் காட்டினேன்” என்றார். உனக்குப் பாடமாகவே தெரியுமாம். ஒரு தப்பு இல்லாமல் திருப்பிச் சொன்னாயாம்.

அம்மாவிடம் டிரில் டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று சொல்லிச் செய்யவைத்தேன். அம்மா பத்து வரைக்கும் எண்ணிவிட்டு, “உங்க டிரில் டீச்சர் முட்டியும் கத்துதா? பொண்ணுங்களுக்கு இதையா சொல்லிக்குடுக்குறாங்க?” என்றாள். பதினைந்து நாளில் வீக்கம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் படிக்குப் பெரியப்பாவைக் கேட்க வேண்டும், வீடு அவர் பேரில் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பார். பாதியைச் சொல்லி மீதியை மறைத்துக்கொண்டு நானும் உன்னைப் போலவே ஆகிக்கொண்டிருந்தேன். அது பிடிக்காமல்தான் நேற்று அம்மாவிடம் சீட்டைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “அந்த மனுசன் என்னை நம்பலியேடி” என்று மட்டும் சொன்னாள். பிறகு, “நீயும் நம்பலியே” என்றாள்.

இன்றைக்குக் காலையில் பெரியப்பா வந்தார். நான் புத்தகப் பையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“நீ நொண்டி நொண்டி நடக்கிறியாமே. தெருவுல பேசிக்கிறாங்க. முடியலன்னா சொல்லிடும்மா. பொண்ணு தறியில உக்காரட்டும். ஒன்பதாவது வரிக்கும் படிச்சாளே, போதும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ எதற்குப் பயந்தாய் என்று. உன் முட்டி போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நாளே அந்தக் குழியில் யார் கால் இறங்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா, ‘எனக்கு ஒண்ணுமில்ல மாமா’ என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்றுகூட ஒரு நொடி ஆசைப்பட்டேன். நானும் உன் மகள்தானே.

அம்மா எழுந்து நின்றாள். சத்தம் கேட்டது. அவள் அதை மறைக்கவில்லை.

“ஆமாம் மாமா, முட்டி போயிடுச்சு. ரெண்டு மாசமா வலி. குழியில ஏறி வர ஒரு கல்லு வெச்சுக் குடுங்க. அரை மணிக்கு ஒருவாட்டி எழுந்து நடப்பேன். சேலை நாலு நாள் தள்ளித்தான் வரும். என் பொண்ணு குழியில இறங்கமாட்டா. எஸ்.எஸ்.எல்.சி. வரிக்கும் படிக்கட்டும். எல்லாத்தையும் ஒரே வாயில சொல்லிட்டேன்.”

“தம்பி உக்காந்த குழியில கை வெக்கச் சொல்றியா?”

“அவரு உக்காந்த குழியிலதான் மாமா அவரு முட்டி போச்சு.”

அம்மா வைத்த காபியைப் பெரியப்பா தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவார். என்ன சொல்வார் என்று தெரியவில்லை. நான் பள்ளிக்குப் போனேன், எந்தப் பாடமும் மண்டையில் ஏறவில்லை.

அம்மா நாலு வரியில் சொன்னதை நீ ஏன் ஒரு வருஷத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தாய்? முட்டி வலிக்கிறது என்பதையும், மகள் படிக்கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எனக்காகத்தான் மறைத்தாய் என்றால் அது எனக்கு இன்னும் பெரிய தண்டனை. என்னைக் கேட்டிருக்கலாம். பள்ளிக்கூடம் வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று ஒருதரம் கேட்டிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லையா?

கிணற்றடியில் நான் பார்த்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பாசி வழுக்கியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைச் சொன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்று பயந்துதான் இத்தனை பக்கம் எழுதினேன். எழுதி முடித்தவுடன் கிழித்து அடுப்பில் போடுவதாக இருந்தேன்.

போடமாட்டேன். காலையில் அம்மா தலை வாரிவிட உட்காரும்போது, முதல் வரியிலிருந்து படித்துக்காட்டுவேன். மாசி மாதம் வரும் இடத்தில் என் குரல் நின்றுபோகும். நின்றாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டமாட்டேன். அம்மா அடித்தால் அடிக்கட்டும், பேசாமல் இருந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உன்மேல் சத்தியம் என்று போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இது நானாகக் கொடுக்கிற வாக்கு.

கோபம் தீராத, தீர்ந்தாலும் உன்னைத் தேடப்போகிற,
உன் ஒரே மகள்
தேன்மொழி