தோள் உயர மேடை

ரஸ்ஸல்,

பத்து மணிக்கு உன் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் மேடை பொருத்த ஆள் வருகிறார். சாவி உன் கோட்டுப் பையில் இருக்கிறது. மூஸ் மான் இறைச்சிக் குழம்பு அடுப்பின் மேல், சூடு பண்ணிக்கொள்.

நம் மோட்டார் பனிவண்டிகளைப் பிக்கப்பில் ஏற்றிப்போக மேடை வாங்கலாம் என்று நீ சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான்: தாழ்வானதாகப் பார். என் முழங்கால் வலி உனக்குத் தெரியும். நீ தேர்ந்தெடுத்ததோ என் தோள் உயரம்.

போன மாதம் உன் நண்பன் டெரிலின் மேடையில் என் பனிவண்டியை ஏற்றும்போது சரிவுப் பலகையில் பாதி போய் நின்று பின்னால் சறுக்கினேன். டெரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நீயும், "எறங்கு லோர்னா, இதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்று சிரித்தாய். அதைக்கூட விட்டுவிட்டேன். அதே மாதிரி மேடையை ஆர்டர் செய்துவிட்டு, "அதான் நான் இருக்கேன்ல, ஏத்தி விடுறேன்" என்றாயே, அதைத்தான் விட முடியவில்லை.

என் பனிவண்டியைக் கொட்டகையில் தேடாதே. துருப்பிடித்த சனியன் என்று நீ தள்ளிவிடப் பார்த்த பழைய டிரெய்லரை என் ஜீப்பில் மாட்டிவிட்டேன். அது முழங்கால் உயரம்தான். நானே ஏற்றினேன், ஐந்தே நிமிடம். தங்கை ஜீனோடு மலைக்குப் போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

லோர்னா

பி.கு.: பனிச்சரிவில் புதைந்தால் இடம் காட்டும் உன் கருவிக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன். கோபம் வேறு, அது வேறு.

இன்னொன்று: மேடையில் இரண்டு வண்டிக்கு இடம் உண்டு. என் இடத்தை டெரிலுக்குக் கொடு. நீ சறுக்கினால் சிரிக்க ஆள் வேண்டுமே.