பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

வடக்குத்து,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கொழுந்தனார் நிலவனுக்கு, உன் அண்ணி தனகோட்டி எழுதுவது. எல்லாரும் சௌக்கியம்னுதான் முதல்ல எழுதணுமாம், எழுதிட்டேன். குடியை மறக்க வைக்கிற எடத்துல சோறு எப்படி? என் கொழம்பைக் குத்தம் சொன்ன வாய்க்கு நல்லா வேணும். இப்போதைக்குப் போன் கிடையாது, கடுதாசி போடுங்கன்னு அந்த எடத்தைப் பாத்துக்கிற ஐயா சொல்லிட்டாரு. என் கிறுக்கலை நீ படிச்சுத்தான் ஆகணும்.

பேச்சு வராத எம்பொண்ணு இசைப்பிரியாவுக்கு நீ செஞ்சு குடுத்த கம்ப்யூட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குது. ஆயுத பூசையன்னிக்கு அது தானா என்னமோ புதுசா ஏத்திக்கினு இருந்துச்சு. அணைக்காதேன்னு இங்கிலீசுல போட்டிருந்துச்சாம். நான் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. உங்கண்ணன் நிலக்கரி மைன்ஸ்ல மிஷினை நிறுத்திட்டுத்தான் பொட்டு வைப்பாராம், ஓடுறதுக்குப் பூசை ஆகுமான்னு சுவிட்சை அமுக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டினேன். அதோட சரி. இப்ப போட்டா கருப்புத் திரையில வெள்ளையா ரெண்டு வார்த்தை வந்து கண்ணைச் சிமிட்டிக்கினு நிக்குது.

நான் வூட்டு வேலை செய்யற குவார்ட்டர்ஸ் கோபாலகிருஷ்ணன் சார் வந்து பாத்தாரு. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு, எழுப்பிவிடுற புரோகிராம் துண்டுதான் பாதியில நின்னுபோச்சுன்னாரு. நீ விட்டுட்டுப் போன பென்டிரைவைச் சொருகி அது வழியா எழுப்பியும் காட்டினாரு. அதுக்கப்புறம் என்ன தட்டணும்னு தெரியல, தப்பாத் தட்டினா மொத்தமும் போயிடும்னு கையை எடுத்துக்கினாரு. குறிஞ்சிப்பாடி கம்ப்யூட்டர் கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தரேன்னான். படத்தைத் தொட்டா 'பசிக்குது', 'வலிக்குது'ன்னு சொல்ற உன் குரலும் போயிடுமாம். பொட்டியைத் தூக்கிக்கினு வந்துட்டேன். பொம்பளப் புள்ளைக்கு மீசை வச்ச கொரலான்னு உன்னைக் கேலி பண்ணுவேனே. நீ குடிக்காத நாள்ல பேசி வச்ச கொரலு, திரும்ப எங்க போயி வாங்குவேன்.

ரெண்டு நாளா புள்ளைக்கு எங்கியோ வலி. என் கையை இழுத்துக்கினு போயி அந்தக் கருப்புத் திரை மேல வைக்கிறா. வயிறா, காதா, பல்லான்னு கேட்டா என்னையே பாக்குறா. டாக்டரும் எங்க வலிக்குதுன்னு அவளைக் கேளுங்கம்மான்னு சொல்றாரு. நேத்து தலையில தானே அடிச்சிக்கினா. உங்கண்ணன் ஷிப்டுக்குப் போகாம அவ ரெண்டு கையையும் புடிச்சிக்கினு உக்காந்திருக்காரு.

என்னென்ன தட்டணும்னு வரிசையா எழுது. எழுத்து ஒட்டாம, பெருசு பெருசா எழுது. உருவத்தைப் பாத்து ஒண்ணொண்ணா நானே தட்டிடுறேன்.

ஆனா இதைப் படிச்சிட்டு கேட்டைத் தாண்டி ஓடியாந்துடாதே. போன தடவை பாதியில கெளம்பி வந்தப்போ வூட்டுக்கா வந்தே, நேரா பிராந்திக் கடைக்குத்தான் போனே. உனக்குக் கை நடுங்குது, பேனா நிக்க மாட்டேங்குதுன்னு ஐயா சொன்னாரு. அதனால அவசரம் ஒண்ணுமில்ல கண்ணு. கை நின்னப்புறம் எழுது. நான் மேல எழுதின வலியெல்லாம் ரெண்டு நாள்ல சரியாயிடும். முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படி, எல்லாரும் சௌக்கியம்.

நீ நல்லா ஆகி, நல்லா இரு.

உன் அண்ணி,
தனகோட்டி