கட்டிலை விட்டு இறங்காமல்

பொன்னேரி,
ஆகஸ்ட் 2006

அன்புள்ள மச்சானுக்கு ஷமீமா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

அக்காவின் கணவருக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. தவறு என்றால் மன்னித்துவிடுங்கள். போனில் பேசலாம் என்றால், அது உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே மாமி இருக்கிறார்கள். உங்கள் அம்மா முன்னால் எனக்கு வாய் வராது.

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. சாயங்கால ரயிலில் வரும்போது கவரைப்பேட்டையில் இறங்கி, ஹஸ்னா அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் பணம் அனுப்பி வாங்கச் சொன்ன மெத்தை வந்துவிட்டது. தெருப் பெண்கள் எல்லோரும் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு அக்காவுக்கு இடது கையும் காலும் விழுந்தபோது, பிசியோதெரபி நந்தினி மேடம் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். சுவரைப் பிடித்து நடக்க வைப்பார். இடது கையால் சப்பாத்தி மாவு பிசைய வைப்பார். பாதி மாவு தரையில் கிடக்கும். மாமி போதும் என்றால், "நான் இன்னா புதுப்பொண்ணா மாமி, ஜோடிச்சிக்கினு குந்தியிருக்க?" என்று அக்கா சிரிப்பாள்.

ஒருநாள் வாசற்படியில் விழுந்தாள். மோவாயில் சின்னக் காயம்தான். மாமி போனில் அழ, நீங்களும் பயந்து, அவள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்றீர்கள். பாசத்தில்தான் சொன்னீர்கள். அன்றோடு நந்தினி மேடத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமியைக் குறை சொல்லவில்லை. ஊட்டிவிடுகிறார்கள், தலை வாரிவிடுகிறார்கள், பக்கத்திலேயே படுக்கிறார்கள். அக்காவைக் கொஞ்சம் நடக்க விடலாமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "நீ படிச்ச பொண்ணு, எதுனா சொல்லுவே. சீக்குக்கார மருமவள நடக்கவுட்டு வேடிக்கை பாக்குறாங்கன்னு தெருவே காறித் துப்பும்டீ" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

உங்கள் பிள்ளை தாஹா நடக்க ஆரம்பித்துவிட்டான். ரெண்டடி வைத்துப் பொத்தென்று விழுவான். எல்லோரும் கை தட்டுவார்கள். அக்கா கட்டிலிலிருந்து பார்ப்பாள்.

இப்போது அவளுடைய இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. பிரிக்கப் பார்த்தேன். வலி தாங்காமல் என் கையைத் தட்டிவிட்டாள். நந்தினி மேடத்திடம் போய்க் கேட்டேன். இப்படியே விட்டால் கை இறுகிவிடும், அப்புறம் திறப்பது கஷ்டம் என்றார். அதை அக்காவிடம் சொன்னபோது, "உடு ஷமீ. அவருக்கும் பயம், மாமிக்கும் பயம். என்னால இன்னொரு பேஜாரு வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் அக்கா இதற்கு முன் எதையும் 'உடு' என்று சொன்னதில்லை.

நான் எழுதியது வீட்டில் தெரியவேண்டாம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைக் கொடுப்பானாக.

மச்சான், மாமி உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது நீங்களாகச் சொல்வதுபோலச் சொல்லுங்கள், அவள் இறங்கட்டும், விழுந்தாலும் பரவாயில்லை என்று.

ஷமீமா