தார்ரோட்டில் காய்ந்த கிச்சிலி சம்பா

அன்பு நைனா ஜெகனுக்கு,

நம்ம பெருநகர் கிராமத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகமா கீறோம், ஜெர்மனியில நீயும் சசிரேகாவும் பாப்பாவும் நல்லா இருக்கணும்னு தினமும் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கினு கீறேன். போன்ல சொன்னா விடும்மான்னு கட் பண்ணிடுவே, அதான் எழுதறேன். நம்ம கிச்சிலி சம்பா அந்த நாட்டுக்கு ஆவாதாம். நாலு வருஷம் முன்ன நீ கெளம்பறப்போ, நம்ம கழனி அரிசி அங்க கடைக்கு வந்தா வாங்கித் தின்னுவேன்னு சொன்னே இல்ல, அந்த ஒரு பேச்சுக்காக இந்தப் போகம் ஒரு சொட்டு மருந்து அடிக்கல, நானும் கூலிக்கு வர்ற சிட்டம்மாளும் குனிஞ்சு குனிஞ்சு புழுவைக் கையால பொறுக்கினோம். என் அரிசி கப்பல் ஏறி என் புள்ளை வூட்டுக்குப் போவுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். அறுத்ததை எப்பவும் போல உத்திரமேரூர் ரோட்டுல கொட்டிக் காயவெச்சேன், அங்கதான் தப்பு. நம்ம நெல்லை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பற உழவர் கம்பெனி வசந்த்குமார் டெஸ்டு பேப்பரோட வந்து, மருந்து ஒண்ணுமே இல்ல ஆயா, ஆனா தாரும் வண்டிப் புகையும் நெல்லுல ஏறிக் கீது, அந்த நாட்டுச் சட்டத்துல வெச்ச அளவுக்கு மேல கீதுன்னாரு. அதே மூட்டையை வேற நாட்டுக்கு அனுப்பலாமாம், இங்கயும் விக்கலாமாம். ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போடறதா டிவியில சொன்னாங்களேன்னு கேட்டேன், அதுல வரிதான் கொறையும் ஆயா, டெஸ்டு கொறையாதுன்னுட்டாரு. சிட்டம்மாள் சும்மா இருப்பாளா, அப்ப நம்ம வயிறு இன்னா தார் டின்னான்னு கேட்டா. அவரு சிரிச்சுட்டாரு, எனக்குச் சிரிப்பு வரல.

கடைசி மடை நெல்லு மட்டும் பிந்தி அறுத்தது, ரோட்டுக்குப் போவல. அதை ஒரு தரம் தனியா டெஸ்டு பண்ணச் சொல்லிக் கெஞ்சினேன், காயட்டும் எடுத்துக்கினு போறேன்னாரு. மாடிக்கு ஏத்த கால் வரல, அதனால உன் ரூம்ல கட்டிலை நிமித்தி வெச்சு, தரை முழுக்கப் பரப்பி, ஃபேனைப் போட்டு விட்டுக் கீறேன். நாலு வருஷமா மூடிக் கெடந்த ரூம். அடுப்பண்ட நிக்கறப்போ அந்த ஃபேன் சத்தம் கேட்டா நீ உள்ள படுத்துக்கினு கீறா மாதிரியே கீது, ரெண்டு தரம் சோறு ஆச்சு எழுந்திரு நைனான்னு கூப்பிட்டுட்டேன்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கோ. பாப்பாவுக்கு ரசம் சாதம் பழக்கு. மூணு பேரும் நோய் நொடி இல்லாம நல்லா இருங்க. வர்றதா இருந்தா மட்டும் ரெண்டு நாள் முன்ன சொல்லு, நெல்லை அள்ளி ரூமைப் பெருக்கணும். சொல்லாம வந்தாலும் பரவால்ல, நெல்லு மேலயே பாய் போடறேன்.

உன் அம்மா,
ராணியம்மாள்