வட்டமாகிப்போன எட்டு மூலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

ஐம்பத்தாறு வயதில் கார் பழகுவது தேவையா என்று போனில் சிரித்தாய். தேவைதான், முப்பது வருடம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டிய உன் அப்பா இனி ஓட்டக் கூடாதென்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் கொஞ்சம் மங்கல் என்று மட்டும் சொல்லியிருந்தோம். செருப்புப் பெட்டி அட்டையைச் சாலைப் பலகைகளின் வடிவத்தில் வெட்டிக் கொடுத்து அவரேதான் எனக்குப் பாடம் எடுத்தார். பலகையில எழுத்தைப் படிச்சிட்டிருந்தா வண்டி போய் முட்டிடும், வடிவத்தைப் பாரு, வட்டம்னா உத்தரவு, முக்கோணம்னா எச்சரிக்கை, தலைகீழ் முக்கோணம்னா வழி விடு, எட்டு மூலைன்னா நின்னே ஆகணும் என்பார். இத்தனை வருடத்தில் ஒரு பேச்சில்கூட எனக்கு வழி விடாத மனுஷன், வழி விடச் சொல்லித் தருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையையும் முன்கூட்டியே சொல்வார், ஒன்றுகூடத் தப்பியதில்லை, நானும் நம்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் கிடங்குகள் பக்கமாகத் திரும்பினோம். திடீரென்று எட்டு மூலை வருது, நில்லு நில்லு என்றார். என் கண்ணுக்கு அது வட்டம், நாற்பதுக்கு மேல் போகாதே என்கிற பலகை. ஆனாலும் முப்பது வருடம் ஓட்டியவர் சொல்கிறாரே என்று நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த லாரி மயிரிழையில் நின்றது. இறங்கி வந்த டிரைவர், யாரும்மா உன் கையில வண்டியக் குடுத்தது என்று கத்தினார். என்னை ஒருவர் ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போகிற உன் அப்பா அன்றைக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், மூணு மாசமா மூலையே தெரியல, எல்லாம் வட்டமாத்தான் இருக்கு, சிவப்பாத் தெரிஞ்சதால எட்டு மூலைன்னு நினைச்சிட்டேன் என்று. பழைய சாலையில் எந்தப் பலகை எங்கே என்பது மனப்பாடம், அதைத்தான் ஒப்பித்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இன்னும் இரண்டு மூன்று மாதம்தான், பிறகு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும் என்கிறார் டாக்டர். அவகிட்ட சொல்லாத, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா என்று இவர் கெஞ்சினார். நானும் தலையாட்டினேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் ஆகவில்லையம்மா. போன வாரம் வீடியோவில், முடி வெட்டினது நல்லாருக்கு என்று உன்னிடம் சொன்னாரே, அது நான் காதில் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் இருவரின் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. அடுத்த வருட விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அப்போது வந்தாலும் நீ அவரைப் பார்க்கலாம். அவர் உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே வா.

இப்படிக்கு,
அவருக்குத் தெரியாமல் இதை எழுதும்
உன் அம்மா