சந்தேகம் வந்ததும் இறக்கு

இன்று காலை மருமகள் முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றிய நேரம் பார்த்து அவளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. "அப்பா, இதைக் கொஞ்சம் கிளறிண்டு இருங்கோ. வெந்ததும் அணைச்சுடுங்கோ" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள். வெந்ததும் என்றால் எப்போது? அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீ. நீ இறந்துவிட்டதாகப் போன சித்திரையில் உன் மகள் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள்.

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காக்கநாட்டில் இந்த அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் உனக்கே எழுதலாம் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் நாம் ஒரே ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தாக்கள். கொச்சங்காடியில், சுக்குக் கிடங்கின் மேலே ஓர் அறை. நீ தூத்துக்குடிக் கிறிஸ்தவன், நான் பாலக்காட்டு அய்யர். உன் முட்டைச் சட்டி உன் கட்டிலுக்கு அடியில் இருக்கும், என் பாத்திரங்கள் ஜன்னலோரம். ஒன்றையொன்று தொட்டதில்லை. இதை நாம் பேசி முடிவு செய்ததுகூட இல்லை.

அந்த மழைக்காலத்தில் உனக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. டாக்டர் என்னிடம், "முட்டையை மெத்துனு கிளறிக் கொடுத்துப் பாரும். கடைச் சாப்பாடு வேண்டா. அதும் தங்கலேன்னா ஆஸ்பத்திரிதான்" என்றார். உன் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நீ சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாய்.

கோயில் பக்கம் குடியிருந்த என் சித்தப்பாவின் கண்ணில் படாமல், மடக்கிய குடைக்குள் முட்டைகளை வைத்து, மழையில் நனைந்துகொண்டே கொண்டுவந்தேன். உன் சட்டியை முதன்முதலாகத் தொட்டேன். எனக்குத் தெரிந்த சமையல் உப்புமா. ஈரமெல்லாம் போய் ரவை உதிரி உதிரியாக வந்தால்தான் அது ஆயிற்று என்று அர்த்தம். முட்டையையும் அப்படியே கிளறிக் கொடுத்தேன்.

"ஏ அய்யரே, இது முட்டைலே, ரவையில்ல. ரப்பர மெல்லுத மாதிரி இருக்கு" என்றாய். சற்று நேரத்தில் அது வெளியே வந்துவிட்டது.

"வெந்துதான்னு நேக்கு எப்படிடா தெரியும்? வாயில வெச்சுப் பாக்க முடியுமா என்னால?"

"ஒங்க அம்மா சாமிக்குப் படைக்கதுக்கு முந்தி வாயில வச்சுப் பாப்பாங்களா?"

"மாட்டா."

"சாமி என்னைக்காவது குறை சொல்லிச்சா? என்னயும் சாமின்னு நெனச்சுக்கோ."

"சாமி வாந்தி எடுக்காதுடா" என்றேன். சிரிக்கப் போய் உனக்கு இருமல் வந்துவிட்டது.

அம்மா மூக்காலேயே பதம் அறிவாள். ஆனால் அந்த அறையில் சுக்கு நெடியைத் தவிர எது மூக்கில் ஏறும்? எனக்குக் கண் மட்டும்தான் மிச்சம். மறுநாள் நீ தலையணையில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்டாய்.

"கரண்டியால ஒதுக்கிப் பாரு. அடியில தண்ணியா ஓடுதா?"

"ஓடறது."

"இன்னும் ஆவல. இப்ப?"

"ஓடலை. ஆனா மேலே ஈரமா மினுங்கறது. வெந்துதோ வேகலையோ, சந்தேகமா இருக்குடா."

"அதாம்லே பதம்! சந்தேகம் வந்துட்டுல்லா, இறக்கு. மிச்சத்த சட்டிச் சூடு பாத்துக்கிடும். சந்தேகம் தீரட்டும்னு நின்னா காரியம் கெட்டுச்சு." பிறகு, "நீ இதுக்குன்னே பொறந்தவம்லே. ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்றாய்.

அன்று சாப்பிட்டது தங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு காலையும் ஒரு வாய் எடுத்ததும் "சரியா இருக்கு" என்பாய். ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றது. மழை விடுவதற்குள் நீ எழுந்து நடமாடினாய்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்று இப்படி அலைந்துகொண்டிருக்க மாட்டேன். உடம்பு தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே சட்டியை எடுத்தாய். படகுத் துறையில் நடந்த ஏதோ சண்டையைக் கைவீசிச் சொல்லிக்கொண்டே கிளறினாய். ஈரம் போயிற்று, மினுக்கம் போயிற்று, ஓரமெல்லாம் சிவந்தது. நீ இறக்கவில்லை. பிறகு சட்டியைச் சுரண்டிச் சுரண்டி அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டாய்.

பேச்சில் மறந்துவிட்டாயா? இல்லை, உனக்கு எப்போதும் பிடித்தது அந்தச் சிவந்த முட்டைதானா? அப்படியானால் "சரியா இருக்கு" என்று காலைதோறும் சொன்னது எதற்காக? கரண்டியும் கையுமாக நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதாலா?

நான் கேட்கவில்லை. பிற்பாடு நீ சொந்த ஊர் போனாய். நமக்குள் எத்தனை கடிதங்கள்! மாற்றல், மழை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. அற்பக் கேள்வி என்று நீ சிரிப்பாயோ என்ற பயம். பதில் வந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

இன்று காலை, மினுக்கம் போவதற்குள் வாணலியை இறக்கிவிட்டேன். மருமகள் திரும்பி வந்து, "என்னப்பா, பச்சையா இருக்கே!" என்றாள்.

"தட்டுல போடறதுக்குள்ள ஆயிடும்."

"முட்டையை வாயில வெச்சே அறியாதவர் சொல்றதைப் பாரு!" என்று சிரித்தாள். போனைப் பார்த்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டாள். எப்படி இருந்தது என்று சொல்லவில்லை.

அவள் புறப்பட்டுப் போனபின், வாணலி ஓரத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. விரலால் எடுத்தேன். நாக்கில் வைத்தால், "சரியா இருக்கு" என்று நீ சொன்னது மெய்யா என்று தெரிந்துவிடும். இந்த வயதில் என்னைத் தடுக்க யாரும் இல்லை. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு குழாயைத் திறந்து விரலைக் கழுவிவிட்டேன்.

சந்தேகம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும் என்று நீதானே சொன்னாய்.